ஒரு ஸ்பூன் தண்ணீர்

ஜன்னல் கண்ணாடியில் மழை வழிந்தது. வார்டுக்குள் வெளிச்சம் கடலடியில் இருப்பதுபோலப் பச்சையாய் அசைந்தது.

அந்த வெளிச்சத்தில் ஜெனிஃபா மிதந்துகொண்டிருந்தாள். ஏழு வயது. தலையில் முடி இல்லை. மூக்கில் குழாய். உதடு காய்ந்து வெடித்திருந்தது.

ரத்தப் புற்றுநோய்க்குப் போட்ட ஊசி புற்றை விரட்டியது. கூடவே கணையத்தையும் புண்ணாக்கிவிட்டது. ஒரு மத்தியானம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டவள்தான். பிறகு காய்ச்சல். பிறகு வயிற்றுக்குள் நீர்க்கட்டி.

வாய்வழியாக ஒன்றும் கூடாது என்றார் டாக்டர். சோறு கூடாது. தண்ணீர்கூடக் கூடாது.

அம்மா பவுலின் மகளுக்குத் தெரியாமல் சாப்பிடப் பழகினாள். மாடிப்படிக்கு அடியில். சுவரைப் பார்த்தபடி. இரண்டு வாய். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுவாள். மறுபடியும் சோப்பு.

காய்ச்சலில் எங்கெங்கோ மிதந்த பிள்ளைக்கு மூக்கு மட்டும் கரையிலேயே இருந்தது.

“எம்மா, புளிச்சோறா?”

பவுலின் குறுகிப்போனாள். “இல்லட்டி.”

“பொய். என் முன்னாடி சாப்பிடு. நான் பாக்கணும்.”

“வேண்டாம் மக்கா.”

“நீ ஒளிஞ்சு தின்னா, நீ இல்லாத மாதிரி இருக்கு.”

அன்றிலிருந்து கட்டிலோரம்தான் சாப்பாடு. பவுலின் சோற்றை மெல்ல மெல்ல, மகளின் தாடையும் சேர்ந்து அசைந்தது. சோறும் அழுகையும் ஒரே தொண்டையில் இறங்கின.

“அவசரப்படாத. நல்லா மென்னு தின்னு,” என்றாள் பிள்ளை, கனவுக்குள்ளிருந்து.

மழை விட்டது. மழை மறுபடி வந்தது. வயிற்றுக்குள் குழாய் இறக்கிக் கட்டியை வடித்தார்கள். பழுப்பு நீர் பையில் சொட்டியது. சொட்டச் சொட்டக் காய்ச்சல் தணிந்தது.

“அந்த ஊசி இனி இவளுக்கு வேண்டாம்,” என்றார் டாக்டர். “வேற மருந்துலதான் போகணும். கொஞ்சம் கஷ்டமான வழி.”

“வழி இருக்குல்ல டாக்டர்?”

“இருக்கும்மா. இன்னைக்கு ஒரு ஸ்பூன் தண்ணி குடுத்துப் பாருங்க.”

பவுலின் ஸ்பூனை மகளின் உதட்டருகே கொண்டுபோனாள். ஜெனிஃபா வாங்கிக்கொண்டாள். உடனே விழுங்கவில்லை. இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்குமாக உருட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள்.

“எம்மா, சில்லுன்னு போவுது. எங்க போவுதுன்னு தெரியுது.”

விரலால் காட்டினாள். தொண்டை. நெஞ்சு. நெஞ்சுக்குக் கீழே. விரல் வயிற்றுக்கு வந்தது. பவுலின் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

விரல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது.

“வலிக்கல,” என்றாள் ஜெனிஃபா.