ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது பவுண்டு

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு பிக்கப் வண்டியின் கதவிடுக்கில். ஷெரிடன் ஊரில், வண்டி விற்கிற இடத்தில், என் வண்டிக்கு ஆயில் மாற்றக் கொடுத்துவிட்டுச் சும்மா நின்றிருந்தேன். அறுபது வயசு மதிக்கத்தக்க ஒரு பெண்மணி புது பிக்கப்பின் கதவைத் திறந்து, முட்டி போட்டு, வண்டி எவ்வளவு எடை தாங்கும் என்று கதவுச் சட்டத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டைப் படித்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். என்ஜினைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக வயோமிங்கில் இருக்கிறேன், அந்தச் சீட்டை முதலில் பார்த்தவர்களை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. மற்றதெல்லாம் என் சரக்கு. நன்றாகவே வந்திருக்கிறது என்று நானே சொல்லிக்கொள்கிறேன், வேறு யார் சொல்லப்போகிறார்கள்.

2

முதல் தொடக்கம்: "பிக்ஹார்ன் மலைமீது கதிரவன் தன் பொற்கரங்களை—" ஐயோ, வேண்டாம்.

இரண்டாவது: "வெர்ல் டெஸ்டால் நாற்பது வருஷம் நிலக்கரிச் சுரங்கத்தில் வீடு உயரத்துக்கு இருக்கும் லாரி ஓட்டியவர். அவருக்கு டீசல் என்றால்—" மூன்று பக்கம் போன பிறகுதான் உறைத்தது. மனிதர் பிரமாதமாகப் பேசுகிறார், ஆனால் வண்டி ஓட்டப்போவது அவர் மனைவி. மூன்று பக்கமும் குப்பைக்குப் போயின.

மூன்றாவது: லோர்னா டெஸ்டால் இருபத்தொன்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். பனியிலும் மலைச்சாலையிலும் ஒரு கீறல் விழுந்ததில்லை. இது இருக்கட்டும்.

3

வசந்தத்தில் இருவரும் ஒரு ட்ரெய்லர் வீடு வாங்கியிருந்தார்கள். ஜூலையில் மலைமேல் ஏரிக்கரையில் வெர்லின் அண்ணன் தம்பிகள் எல்லோரும் கூடுவார்கள். முதுகுத்தண்டு கெட்டுப் போனதிலிருந்து அவர் இரண்டு வருஷமாகப் போகவில்லை. இந்த வருஷம் போயே தீருவது என்று லோர்னா முடிவு கட்டியிருந்தாள். இழுக்க ஒரு பிக்கப் வேண்டும். அவர்கள் விலைக்கு இரண்டுதான் நின்றன, ஒன்று டீசல், ஒன்று பெட்ரோல்.

(இன்னும் பெரிய பிக்கப் வாங்கக் கூடாதா என்று கேட்கிற வாசகருக்கு: கூடாது. விலை எட்டாது. எட்டினால் எனக்குக் கதையும் கிடையாது.)

டீசல் என்ஜின் மலையில் மூச்சு வாங்காமல் ஏறும், இறக்கத்தில் தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும். பெட்ரோல் உயரம் போகப் போகத் திணறும். சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் டீசல் என்றுதான் சொல்லும். லோர்னாவும் அப்படித்தான் நினைத்தாள், சீட்டைப் படிக்கும்வரை. டீசல் என்ஜின் தானே கனமானது. அந்தக் கனத்தை, வண்டி சுமக்கக்கூடிய எடையிலிருந்து கழித்துக்கொண்டுதான் சீட்டில் போடுகிறார்கள். இழுப்பது வேறு, சுமப்பது வேறு. நானே இதைப் படித்துத் தெரிந்துகொள்ள ஒரு வாரம் ஆனது.*

* ஒரு வாரமில்லை, மூன்று வாரம். எழுத்தாளன் கொஞ்சம் கூட்டிக் குறைத்துத்தான் சொல்வான்.

4

விற்பனையாளர் ட்ரென்ட் நாற்காலியை வெர்ல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். மேசைமேல் இரண்டு சாவிகள்.

"சார், உங்கள மாதிரி ஆளுக்கு டீசல்தான். இதுல யோசிக்கவே ஒண்ணுமில்ல."

"எங்கிட்ட ஏன்யா சொல்ற? ஓட்டப்போறது அவ. அறுபது பிள்ளைங்கள வச்சுக்கிட்டு அந்த மலைய ஏறி இறங்குனவ. அவளப் பாத்துப் பேசு."

லோர்னாவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோனது. காட்டிக்கொள்ளாமல், எண்கள் எழுதியிருந்த உள்ளங்கையை விரித்து மேசைமேல் வைத்தாள்.

"டீசல் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது பவுண்டு தாங்கும், பெட்ரோல் ரெண்டாயிரத்து நானூறு. ட்ரெய்லர் மூக்கு பின்னாடி அழுத்துறது, கொக்கி, நாம ரெண்டு பேரு, நாயி, ஜெனரேட்டர், விறகு. எல்லாம் சேத்து ஆயிரத்து எண்ணூத்தம்பது."

"அப்புறம் என்ன? நூறு மிச்சம்," என்றார் வெர்ல். "பெட்ரோல் வண்டில போய் எறங்குனா என் தம்பி டார்வின் வாய மூடுவானா? லேடீஸ் வண்டியான்னு கேப்பான்."

"கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். ஒண்ணு விட்டுப்போச்சு, வெர்ல்."

விட்டுப்போனது சக்கர நாற்காலி. மின்சாரத்தில் ஓடுவது, அதை வண்டியில் தூக்கி வைக்கிற கருவியோடு. கராஜில் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. வெளியாள் முன்னால் அந்தப் பேச்சையே அவர் எடுத்ததில்லை. இன்றும் ஒரு கையில் கோல், மறு கையில் லோர்னாவின் தோள் என்று பத்தடி நடந்து வந்துதான் உட்கார்ந்திருந்தார், வேர்த்துப்போய்.

"ஒண்ணும் விடல," என்றார்.

5

முடிவு அ: டீசல். மலையைப் பறந்து ஏறுகிறார்கள். தம்பி டார்வின் என்ஜினைத் தட்டிப் பார்த்து விசிலடிக்கிறான். வெர்ல் அங்கே இருக்கிற ஒன்பது நாளும் ட்ரெய்லர் சன்னலோரம் உட்கார்ந்து, மற்றவர்கள் மீன் பிடிப்பதைப் பார்க்கிறார். (இதை எழுதிவிட்டு எழுந்து போய்விட்டேன்.)

முடிவு ஆ: பெட்ரோல். என்ஜின் கத்தக் கத்த, லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போகிறார்கள். நாற்காலி ஏரிக்கரை வரை போகிறது. வெர்ல் அதில் உட்கார்ந்து— உட்கார்ந்தாரா? மூன்று தடவை எழுதிப் பார்த்தேன், மனிதர் உட்கார மாட்டேன் என்கிறார். அவர் வாயால் சொல்லாமல் நான் தூக்கி உட்கார வைத்தால் அது ஆள் கடத்தல்.

6

லோர்னாவும் தூக்கி உட்கார வைக்கவில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே அவளை எழுதியதில் எனக்கு அத்தனை பெருமை.

"எந்த என்ஜின்னு நான் சொல்றேன்," என்றாள். "ஆனா எதெல்லாம் ஏத்துறோம்னு நீ சொல்லணும். அத நான் சொன்னா நல்லா இருக்காது. நீ சொல்லாம எனக்குக் கணக்கு முடியாது."

ட்ரென்ட் வாயைத் திறக்கப் போனார். அவள் பேருந்துக் கண்ணாடியில் பிள்ளைகளைப் பார்க்கிற பார்வை ஒன்று பார்த்தாள். அவர் மூடிக்கொண்டார்.

வெர்ல் இரண்டு சாவியையும் பார்த்தார். பிறகு ட்ரென்டைப் பார்த்தார், முன்பின் தெரியாத அந்த முகத்தை. லோர்னா பேனாவை எடுத்து உள்ளங்கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

எந்தச் சாவி என்பதை உங்களிடமே விடுகிறேன். கூட்டிப் பார்க்க எல்லா எண்ணும் கொடுத்தாகிவிட்டது, ஒன்றைத் தவிர. அது நானூறு. அவர் கேட்டதால்தான் சொல்கிறேன். ட்ரென்டுக்கும் கேட்கிற மாதிரி, நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார்:

"என் நாற்காலி எவ்வளவு எடை, லோர்னா?"