மஞ்சள் அடித்த எண்

வக்கீலக்கா இன்னும் வக்கீல் ஆகவில்லை. சட்டக் கல்லூரியில் நான்காம் ஆண்டுதான். சித்தி வீட்டில் பகலெல்லாம் இருக்கும் எட்டுக் குழந்தைகள் வைத்த பெயர் அது. கடைசியில் சித்தியும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். அம்மா போனபின் அவளை வளர்த்தது சித்திதான். மூன்றாவது மாடியில் இரண்டே அறை. வேலைக்குப் போகும் பெண்கள் காலையில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுவார்கள், மாலை ஐந்தரைக்கு வந்து அழைத்துப்போவார்கள். பத்தொன்பது வருஷமாக அந்த வீட்டில் இதுதான் நடக்கிறது.

சித்தியிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பிள்ளைக்கு எந்தச் சிராய்ப்பு ஏற்பட்டாலும் கோடு போட்ட நோட்டில் அன்றைய தேதிக்குக் கீழே எழுதிவிட வேண்டும். என்ன அடி, எப்படிப் பட்டது, அப்போது பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தது யார் என்பதை அந்த ஆளே தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மாலையில் வரும் தாய்மார் முதலில் நோட்டைத்தான் பார்ப்பார்கள், பிறகுதான் பிள்ளையைத் தூக்குவார்கள். விடுமுறை நாட்களில் வக்கீலக்காவும் எத்தனையோ முழங்காலுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். முடிந்த நோட்டுகள் அலமாரியின் மேல்தட்டில் வரிசையாக இருந்தன.

மூன்று வாரத்துக்கு முன் நகராட்சி ஆள் ஒருவர் வந்து கதவில் ஒரு அறிவிப்பை ஒட்டிவிட்டுப் போனார். வீடுகளில் நடக்கும் குழந்தைக் காப்பகங்களை மூடப் புதிய சட்டம் வருகிறதாம். பகலில் அடிபடும் சிறு குழந்தைகளில் அறுபத்திரண்டு விழுக்காட்டினர் இத்தகைய வீடுகளில்தான் அடிபடுகிறார்களாம். கருத்து இருந்தால் பொதுமக்கள் எழுதி அனுப்பலாமாம், பிறகு சட்டக் குழு ஒரு நாள் நேரிலும் கேட்குமாம். சித்தி இடுப்பில் ஒரு பிள்ளையோடு நின்றபடியே அதை மூன்று தரம் படித்தாள்.

"எந்தப் புண்ணியவான் இதை எண்ணினான்? ஒருத்தன்கூட இந்தப் படி ஏறி வரலையே."

அந்தப் புண்ணியவானைக் கண்டுபிடித்தே தீருவது என்று வக்கீலக்கா அன்றைக்கே கங்கணம் கட்டிக்கொண்டாள். அதற்குத் தோதாக ஒரு வழியும் இருந்தது. அவள் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்த பொதுக்கொள்கை ஆய்வு மையத்திடம்தான் அந்தச் சட்டத்துக்கான இறுதி அறிக்கையைத் தயாரிக்கும் வேலை வந்திருந்தது.

அந்த மையத்தில் இரண்டு மாதம் பயிற்சி கிடைக்கச் சட்ட மாணவர்கள் முட்டி மோதுவார்கள். வக்கீலக்காவுக்கு இது இரண்டாவது தடவை. முதல் தடவை போனது இரண்டு வருஷத்துக்கு முன்னால். மையத்தின் தலைவருக்குப் பயிற்சி மாணவர்கள் வைத்த பெயர் பெரும்புள்ளி. புள்ளிவிவரம் இல்லாமல் அவருக்கு வணக்கம்கூடச் சொல்ல வராது. அவர் கையெழுத்திட்ட பரிந்துரைக் கடிதம் இருந்தால் எந்தப் பெரிய வக்கீலின் அலுவலகத்திலும் நாற்காலி போட்டு உட்காரவைப்பார்கள். வக்கீலக்காவின் கடிதம் தட்டச்சாகி அவர் மேசை இழுப்பறையில் காத்துக்கொண்டிருந்தது.

அறிவிப்பு வந்த அடுத்த வாரம் அவளுக்குப் பொதுமக்களின் கடிதங்களைத் தரம் பிரிக்கும் வேலை. மேசையில் இரண்டு தட்டுகள். ஒன்றில் 'ஆதாரம் உள்ளவை', இன்னொன்றில் 'ஆதாரம் அற்றவை' என்று சீட்டு ஒட்டியிருந்தது. அச்சில் வந்த ஏதாவது ஒன்றை மேற்கோள் காட்டியிருந்தால் முதல் தட்டு. இல்லாவிட்டால் இரண்டாவது தட்டு. இரண்டாவது தட்டை யாரும் படிக்கப் போவதில்லை, அறிக்கையின் பின்னிணைப்பில் எண்ணிக்கை மட்டும்தான் வரும். தாய்மார்களும் ஆயாக்களும் மெனக்கெட்டு எழுதிய கடிதங்களை ஒவ்வொன்றாக அந்தத் தட்டில் போட்டாள். இதற்குக் கருத்துக் கேட்பு என்று ஒரு பெயர் வேறு.

நான்காம் நாள் சித்தியின் கடிதமே அவள் கைக்கு வந்தது. நோட்டிலிருந்து கிழித்த தாள், இரண்டு பக்கமும் அதே குண்டுக் கையெழுத்து. "பத்தொன்பது வருடத்தில் என் வீட்டில் பட்ட ஒவ்வொரு அடியும் தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன். பெரிய அடி இரண்டு, இரண்டும் ஆறிவிட்டன. யாராவது வந்து பார்த்தால் நோட்டுகளை எடுத்துத் தருகிறேன். தேநீரும் தருகிறேன்" என்று முடித்திருந்தாள். மேற்கோள் எதுவும் இல்லை. மேற்பார்வையாளர் பின்னால் நின்றிருந்தார். வக்கீலக்கா அதை எடுத்து இரண்டாவது தட்டில் போட்டாள். போட்ட விரல்களைத் துடைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

மறுநாளே அடிக்குறிப்புகளைச் சரிபார்க்கும் வேலையைத் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அந்த அறுபத்திரண்டைப் பெற்றது யார் என்று பார்த்துவிடலாம் என்ற வெறி. சட்ட முன்வரைவு ஒரு நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டியது. தீர்ப்பு ஒரு பல்கலைக்கழகக் கட்டுரையைக் காட்டியது. கட்டுரையைத் தேடிப் பிடித்தால் அது ஒரு பத்திரிகைத் தலையங்கத்தைக் கைகாட்டியது. எண்ணைப் போட்டவர் எவரும் ஒரு குழந்தையைக்கூட எண்ணியதாகத் தெரியவில்லை. இவன் சொன்னான் என்று அவனும், அவன் சொன்னான் என்று இவனுமாக அரைத்த மாவையே அரைத்திருந்தார்கள். தலையங்கம் இந்த ஆய்வு மையத்தின் பழைய அறிக்கையைச் சொல்லியது. நாற்பத்தோராம் பக்கம்.

நூலகத் தட்டிலிருந்து அதை எடுத்துப் பிரித்தாள். "நெஞ்சைப் பதறவைக்கும் வகையில், இவர்களில் அறுபத்திரண்டு விழுக்காட்டினர்" என்று ஆரம்பித்தது அந்த வாக்கியம். தூக்கிவாரிப் போட்டது. ஆய்வறிக்கையில் நெஞ்சு எதற்குப் பதறுகிறது என்று பெரும்புள்ளி எல்லோர் முன்னாலும் கேலி செய்தது நினைவுக்கு வந்தது. அது அவளுடைய வாக்கியம். முதல் தடவை பயிற்சிக்கு வந்தபோது அவள் எழுதியது.

அன்று அறிக்கையை அவசரமாக அனுப்ப வேண்டியிருந்தது. அந்த இடத்தில் போட எண் கிடைக்கவில்லை என்று சொன்னாள். இப்போதைக்கு ஏதாவது ஒன்றைப் போட்டு மஞ்சள் அடித்து வை, பிறகு தேடிப் போட்டுக்கொள்ளலாம் என்றார் பெரும்புள்ளி. வாய்க்கு வந்ததைப் போட்டாள். காலையில் ஏறி வந்த பஸ்ஸின் எண் அறுபத்திரண்டு. அடுத்த வாரமே தேர்வு வந்தது, போய்விட்டாள். பிறகு யாரோ மஞ்சளை அழித்திருக்கிறார்கள். எண் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. தீர்ப்பில் ஏறிவிட்டது. சித்தி வீட்டுக் கதவு வரைக்கும் வந்துவிட்டது.

மூன்று வாரமாக எவனை எவனை என்று வைதுகொண்டிருந்தாளோ, அந்த ஆள் இவளேதான். கழிப்பறைக்குப் போய் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு நேரே பெரும்புள்ளியின் அறைக்குப் போனாள்.

சொன்னதை எல்லாம் அவர் பொறுமையாகக் கேட்டார். அதிர்ச்சி என்பது மருந்துக்கும் இல்லை. இப்படி எல்லா இடத்திலும் நடப்பதுதான் என்றார். அந்த எண் சரியாகவும் இருக்கலாமே என்றார். அவள் விடாமல் நின்றதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"அந்த எண்ணை கோர்ட்டே ஏத்துக்கிச்சும்மா. சரி, நீ சும்மாதான் போட்டேன்னு சொல்றே. அதுக்கு என்ன ஆதாரம்?"

அறிக்கை அச்சானதும் வரைவுகளை அழித்துவிடுவது மையத்தின் விதி. பஸ் எண்ணை மேற்கோள் காட்ட முடியாது.

பழைய அறிக்கையை விட்டுவிட்டுத் தீர்ப்பை மட்டும் அடிக்குறிப்பில் காட்டச் சொன்னார் பெரும்புள்ளி, பார்க்கவும் சுத்தமாக இருக்குமாம். பிறகு இழுப்பறையைத் திறந்து பரிந்துரைக் கடிதத்தை எடுத்து அவள் கண்முன்னே கையெழுத்திட்டு நீட்டினார். மூல ஆதாரத்தைத் துருவிப் பார்ப்பதில் இந்த மாணவிக்கு நிகரில்லை என்று அதில் எழுதியிருந்தது. நீட்டியதை அவள் கை வாங்கிக்கொண்டது. அவரைவிட அந்தக் கைதான் அவளுக்கு அதிக அருவருப்பாக இருந்தது.

அறுபத்திரண்டாம் எண் பஸ்ஸில் ஏறப் பிடிக்காமல் நடந்தே வீட்டுக்கு வந்தாள். மணி ஐந்து. பிள்ளைகள் தூங்கி எழுந்து அரைத் தூக்கத்தில் உட்கார்ந்திருந்தன. அவளைப் பார்த்ததும் எல்லாவற்றிலும் சின்னது தவழ்ந்து வந்து மடியில் ஏறிக்கொண்டது. சித்தி துணிகளை மடித்துக்கொண்டே, கடிதம் போய்ச் சேர்ந்ததா, யாராவது படித்தார்களா என்று விசாரித்தாள்.

"அதை எண்ணினது யார்னு கேட்டீங்களே சித்தி. யாரும் எண்ணலை. நான்தான் எழுதினேன்."

மஞ்சளையும் பஸ்ஸையும் இரண்டு தட்டுகளையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். பரிந்துரைக் கடிதத்தையும் எடுத்துத் தரையில் வைத்தாள். பூசி மெழுக அவளுக்குத் தெம்பில்லை. சித்தி வையவில்லை, அழவில்லை. எழுந்து வந்து, மடியில் இருந்த குழந்தையைத் தூக்கி அந்தப் பக்கமாக உட்காரவைத்தாள். வக்கீலக்காவுக்கு அடி வாங்கியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

பிறகு சித்தி அன்றைய நோட்டை எடுத்து வந்து பிரித்தாள். தேதிக்குக் கீழே ஒன்றும் இல்லை. அன்றைக்கு யாருக்கும் அடிபடவில்லை. பேனாவை நீட்டினாள்.

"என்ன அடி, எப்படிப் பட்டது, யார் பார்த்துக்கிட்டிருந்தாங்க. எழுது. புதன்கிழமை அந்தக் குழு நேர்ல கருத்து கேக்குதாமே, இந்த நோட்டை நான் எடுத்துட்டுப் போறேன்."

வக்கீலக்காவுக்கு நடக்கப் போவதெல்லாம் தெரிந்தது. குழுவின் முன் இந்தப் பக்கம் விரிந்தால் பரிந்துரைக் கடிதம் வெறும் காகிதம். கல்லூரியில் விசாரணை வரும், எந்த அலுவலகத்திலும் நாற்காலி கிடைக்காது. ஆனால் அதற்கெல்லாம் புதன்கிழமை வரைக்கும் நேரம் இருந்தது. நோட்டை வாசிப்பவர்கள் அதற்கு முன்பே வந்துவிடுவார்கள்.

எழுதினாள். எட்டுக் குழந்தைகளுக்கும் அடி என்று ஆரம்பித்து, எண்ணையும் அது எங்கிருந்து வந்தது என்பதையும் எழுதினாள். பார்த்துக்கொண்டிருந்தவர் என்ற இடத்தில் தன் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மை காயும் முன்னே படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. முதல் தாய் வந்து, பையைக் கீழே வைத்துவிட்டு, வழக்கம்போல் நோட்டுக்குக் கை நீட்டினாள்.