மூடியிருந்த சக்கரம்

"பட்டினி போட்டே படுக்க வச்சிருக்கீங்க! கேக்க ஆள் இல்லைன்னு நெனச்சீங்களா?" என்று அண்ணன் நர்ஸைப் பார்த்துப் போட்ட சத்தத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

தங்கை அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அப்பாவைக் கொண்டுவந்து சேர்த்ததிலிருந்து இதே பாட்டுதான்.

அப்பா ஊருக்கெல்லாம் குழாய் பொருத்தியவர். பக்கவாதத்தில் நினைவிழந்து கிடந்தவருக்கு இப்போது மூக்கு வழியாக ஒரு குழாய். பால் மாதிரியான சாப்பாடும் வலிப்பு மருந்தும் அது வழியாகத்தான் போக வேண்டும். அண்ணனுக்கும் அதே தொழில். அம்மாவோ, அப்பா வேலைக்குப் போன இடமெல்லாம் கூடப் போய் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவள். சாப்பாட்டுப் பையை இன்னும் உயரத்தில் மாட்டலாமே, வேகம் போதவில்லையே என்று ஆளாளுக்கு யோசனை. தங்கை மட்டும் அந்த வீட்டில் தப்பிப் பிறந்தவள். குழாயை மூடச் சொன்னால் திறந்து தலையோடு நனைவாள். வீட்டில் அவளுக்குப் பெயரே 'எதிர்ப்பக்கம்'.

நர்ஸ் பொறுமையாகத்தான் சொன்னாள். "எத்தனை தடவைண்ணா சொல்றது? மருந்துக்கு முன்னாடியும் பின்னாடியும் சாப்பாட்டை நிறுத்தியே ஆகணும். ரெண்டும் சேர்ந்து போனா மருந்து உடம்புல ஏறாது. அதனாலதான் குழாயில இருக்கற சின்னச் சக்கரத்த உருட்டி மூடி வைக்கிறோம்."

"அப்புறம் எதுக்கு காலையில மறுபடி வலிப்பு வந்துச்சாம்?"

அதற்கான பதில் ரத்தப் பரிசோதனை முடிவோடு வெளியே வந்த டாக்டரிடம் இருந்தது.

"ரத்தத்துல மருந்து ரொம்பக் கம்மியா இருக்கு. நிறுத்த வேண்டிய நேரத்துல சாப்பாடு ஓடியிருக்கு" என்றவர் நர்ஸைப் பார்த்தார்.

"நான் மூடினேன் டாக்டர். சத்தியமா மூடினேன்."

பெஞ்சில் இருந்த அம்மா மகளை இழுத்து உட்கார வைத்துக் காதோடு சொன்னாள்: "அந்தப் பொண்ணு மூடித்தான் வச்சிருந்துச்சு. பாக்கப் போறப்பெல்லாம் நான்தான் சக்கரத்த உருட்டித் தெறந்து விட்டேன். அவருக்கு வயிறு காயுதில்ல?"

சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு பெருமை. மகளுக்குப் பயத்தோடு எரிச்சலும் வந்தது. ஒரு சக்கரத்தைச் சும்மா விட முடியாதா இந்தக் குடும்பத்தால்?

"வாய மூடும்மா. யார்கிட்டயும் சொல்லாத."

உள்ளே ஏதோ கருவி விடாமல் கத்தியது. டாக்டரும் நர்ஸும் ஓடினார்கள். இன்னொரு வலிப்பு. அதை அப்பாவின் இதயம் தாங்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் மூவரையும் உள்ளே கூப்பிட்டார்கள். அண்ணன் அழவில்லை. கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நர்ஸையே முறைத்தான்.

"உன் வேலைய காலி பண்ணாம நான் இந்த இடத்த விட்டு நகர மாட்டேன்."

நர்ஸ் டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் வேறெங்கோ பார்த்தார். தங்கைக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பெண் ஒரு பாவமும் அறியாதவள். உண்மையைச் சொன்னாலோ, அம்மா மிச்ச வாழ்நாள் முழுக்க ஒரு வாய் சோறு நிம்மதியாகச் சாப்பிட மாட்டாள்.

"அவங்கள விடுண்ணா. தெறந்தது நான்தான்."

அண்ணன் கை ஓங்கிவிட்டான். அம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"கூறு கெட்டவனே, இவ எங்கடா தெறந்தா? எதிர்ப்பக்கம்டா இவ! எந்தப் பக்கம் உருட்டணும்னே தெரியாது. தெறந்தது நான். பசிக்கு ஊத்தினதுக்கு எதுக்குடா அடிக்க வர்ற?"

ஓங்கிய கை அப்படியே நின்றது. அண்ணன் தங்கையைப் பார்த்தான். அவள் வேண்டாம் என்று தலையை அசைத்தாள். அவன் மெல்லக் கையை இறக்கினான். டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்து, அம்மாவைப் பார்த்துவிட்டு வெளியே போனார்.

அம்மா அப்பாவின் வயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"பசியோட போகலையேடா?"

இத்தனை நாள் பட்டினி, பட்டினி என்று கத்தியவன் அவள் கைமேல் தன் கையை வைத்தான்.

"இல்லம்மா. வயிறு நெறஞ்சுதான் போனாரு."

நர்ஸ் மூக்கில் குழாயைப் பிடித்திருந்த பிளாஸ்திரியை மெதுவாக உரித்தாள். பிறகு, தொங்கிய பையைக் கழற்றக் கை நீட்டினாள்.

"இரும்மா" என்றாள் அம்மா. "மூடிட்டுக் கழட்டு. இன்னும் பாதி இருக்குது, சிந்திடும்."

எட்டி, தானே சக்கரத்தை உருட்டினாள். இந்த முறை மூடும் பக்கம்.