துணிக்கொடி போல்ட்

முன்சக்கரத்தைத் தாங்கும் போல்ட் முறிந்து, டெய்லரம்மாவுக்குக் கணவர் விட்டுப்போன கார் கொட்டகையில் முடங்கிக் கிடந்தது.

"இந்த மாடலுக்குச் சாமான் வர்றதே நின்னுபோச்சும்மா. பழைய இரும்புக் கடை வரைக்கும் சலிச்சுட்டேன்" என்று கையை விரித்தார் மெக்கானிக்.

முறிந்த துண்டை உருட்டிப் பார்த்த டெய்லரம்மாவுக்கு அந்த அகன்ற தலை பழகிய முகமாகத் தெரிந்தது. மெக்கானிக்கைக் கொல்லைக்கு இழுத்துப் போனாள்.

இரண்டு இரும்புக் கம்பங்கள், கம்பத்துக்கு ஒரு போல்ட், நடுவே துணிக்கொடி. கணவர் அதைக் கட்டிய அன்றே சண்டை.

"காருக்குன்னு தேடி வாங்கி வச்சதையா இதுல மாட்டுவீங்க?"

"எங்க ஓடிப்போகப் போகுது? வேணும்போது கழட்டிக்கலாம்" என்று சிரித்தார் அவர்.

அதோடு விட்டாரா? துருப்பிடிக்குமென்று வருஷம் தவறாமல் கிரீஸ் தடவினார். வெளுத்த துணியெல்லாம் கறை. அவள் போட்ட கூச்சலுக்கு அக்கம்பக்கமே சாட்சி. அவர் கண்மூடிய பிறகு, திட்டிக்கொண்டே அவளே தடவினாள்.

ஸ்பேனர் பட்டதும் போல்ட் வெண்ணெயாய்க் கழன்றது. மெக்கானிக் மரையைத் தடவிப் பார்த்தார். "புதுசு கெட்டுது போங்க!"

சாயங்காலம் அதைப் பூட்டி, மெக்கானிக் காரை ஓட்டிப் பார்க்க எடுத்துப் போனார். முறிந்த துண்டையே கம்பத்தில் சொருகிக் கொடியைக் கட்டினாள் டெய்லரம்மா. அது நழுவி, துவைத்த போர்வை மண்ணில் விழுந்தது.

"இப்பவும் உங்க காருக்காக என் துணிதான் மண்ணுல புரளணுமா?" என்று காலிக் கொட்டகையைப் பார்த்துக் கத்தினாள்.

கத்திவிட்டு, பதிலுக்காகக் கொஞ்சநேரம் அங்கேயே நின்றாள்.