வராத நாளிலும் என் துறை

வலது தோளிலிருந்து விரல் நுனி வரை வலி இழுத்துக்கொண்டிருந்தது. நவோதாஸ் துறைமுகத்தில் பதினாறு வருஷம் மீன் தொட்டி இழுத்த தோள். பதினோரு வருஷமாக மணிலாவில் ஏசி அறையில் உட்கார்ந்து கோப்பு அடுக்குகிறேன். வலி மட்டும் துறைமுகத்திலிருந்து கூடவே வந்துவிட்டது. அந்தத் திங்கட்கிழமை காலை அதே கையால் இசகானியை வேலையிலிருந்து நீக்கும் கடிதத்தைத் தட்டச்சு செய்தேன்.

மண்ணைத் துளைத்துப் பார்த்து, இங்கே பாலம் நிற்குமா, கட்டடம் நிற்குமா என்று சொல்லும் ஆலோசனை நிறுவனம் எங்களுடையது. தலைமையகம் டென்மார்க்கில். இசகானி துளை போடும் குழுவில் பதினான்கு வருஷம் இருந்தவன். அப்பா இறந்ததற்கு மூன்று நாள் விடுப்பு எடுத்துப் போனவன், அதற்குமேல் ஏழு வேலை நாள் கழிந்தும் திரும்பவில்லை. சொல்லாமல் வேலையைக் கைவிட்டான் என்று எழுதச் சொன்னார் மணிலா அலுவலகத் தலைவர் ஹென்னிங். கீழே கையெழுத்துப் போட வேண்டியவர் அராசெலி மேடம்.

நான் எழுத்தராக இருக்கும் மனிதவளத் துறையின் தலைவி அவர். பதவி பெரிது, வேலை பகுதிநேரம். திங்கள், புதன், வெள்ளி. எட்டு மணியிலிருந்து ஒரு மணி வரை. மற்ற நாட்களில் அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போவார். மூன்று நாடுகளில் நானூறு பேர், வாரம் பதினைந்து மணி நேரம். எப்படிச் சமாளிக்கிறார் என்று பக்கத்து மேஜையிலிருந்து நாலு வருஷமாகப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. நூறு கிலோ தொட்டியை ஒற்றை ஆளாகத் திருப்புகிறவனைப் பார்த்துத் துறைமுகத்தில் வாய் பிளந்திருக்கிறேன். அதற்குப் பிறகு வாய் பிளந்தது இவரைப் பார்த்துத்தான்.

கடிதத்தை இரண்டு முறை படித்தார். என்னைவிட ஒன்பது வயது இளையவர்; அண்ணன் என்ற மரியாதையில் என்னைக் 'குயா' என்பார்.

"குயா, இந்தாளு யாருக்காவது போன் பண்ணானா?"

"தெரியல மேடம்."

பொய். நாலாம் நாள், வியாழக்கிழமை, எனக்குத்தான் பண்ணினான். தம்பி பிரேசில் பக்கம் கப்பலில் இருக்கிறான், அவன் வந்து சேராமல் அப்பாவை எடுக்க முடியாது, பெரியவரிடம் சொல்லிவிடுங்கள் என்றான். "அதுக்கென்ன, நான் பாத்துக்கறேன்" என்றேன். ஹென்னிங்கின் அறைக்குப் போனேன். அவர் நிமிர்ந்து, "எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டார். வெள்ளைக்கார முதலாளி சிரித்த முகமாகக் கேட்கும்போது ஆகாத சேதியைச் சொல்ல எங்கள் ஊரில் எவனுக்கு நாக்கு எழும்? "எல்லாம் சரியா இருக்கு சார்" என்று திரும்பிவிட்டேன். நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தேன். நாளைக்கு, நாளைக்கு என்றே கடிதம் வரை வந்துவிட்டது.

மேடம் கையெழுத்துப் போடவில்லை. மணி ஒன்று அடித்ததும் பையை எடுத்தார். "வாங்க குயா, மலபோன்ல இசகானி வீடு வரைக்கும் போயிட்டு வந்துருவோம்."

ஜீப்னி என்ற ஷேர் வண்டியில் ஒன்றரை மணி நேரம். வெயிலில் தெருவை மறித்துத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். உள்ளே பதப்படுத்திய உடலோடு சவப்பெட்டி, அதன் மேல் விளக்கு. எங்கள் சாவு வீட்டு வழக்கப்படி, தூங்காமல் காவல் இருக்க வெளியே நாலைந்து பெண்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள்.

"ஏய் இசகானி, உன் மொதலாளி பொம்பளையாடா? அப்ப பொழச்சுக்குவ!" என்றாள் ஒருத்தி.

"பாத்து எறக்குங்க அக்கா. உங்க கையில ராணி இருக்கறது இங்கருந்தே தெரியுது" என்றார் மேடம். மேஜையே சிரித்தது.

இசகானி காப்பியும் பிஸ்கட்டும் வறுத்த பூசணி விதையும் கொண்டுவந்து வைத்தான். கண் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"குயா, பெரியவர்கிட்ட சொன்னீங்கள்ல? தம்பி நாளைக்கு எறங்கறான் மேடம். வியாழக்கிழமை எடுத்துருவோம், வெள்ளிக்கிழமை வேலைக்கு வந்துருவேன்."

காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தேன். மேடம் என் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு பூசணி விதையைப் பல்லால் உடைத்து, தோலைத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"சேதி வந்துச்சுப்பா. நீ அப்பாவைப் பாரு."

சாவு வீட்டில் வந்தவரை வழியனுப்பக் கூடாது. அவன் உட்கார்ந்தே இருந்தான். நாங்களும் நேரே வீட்டுக்குப் போனால் சாவு கூடவே வரும் என்பதால் வழியில் ஒரு ரொட்டிக் கடையில் இறங்கினோம்.

"ஏன் சொல்லல குயா?"

"அவர் நிமிந்து பாத்தாரு மேடம். வாய் வரல."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"எனக்கும் சில நாள் வராது" என்றார். "ரொட்டி ஆறுது, சாப்பிடுங்க."

புதன்கிழமை ஹென்னிங்கின் அறைக்கு என்னையும் கூட்டிப்போனார். உண்மை தெரிந்தால் அன்றைக்கே என் வேலை போகும். வீட்டில் மூன்று பேர் என் சம்பளத்தில் சாப்பிடுகிறார்கள்.

"இசகானி நாலாம் நாளே சொல்லிட்டாரு. சேதி என் துறைக்கு வந்துச்சு. உங்ககிட்ட வந்து சேரல. தப்பு என் துறையோடது. அவரை நீக்க முடியாது."

"போனை எடுத்தது யாரு?"

"என் துறை."

"அது வியாழக்கிழமை அராசெலி. நீங்க அன்னிக்கு வேலைக்கே வரமாட்டீங்களே!"

"வராத நாளிலும் என் துறைதான் சார். என் நியமனக் கடிதத்துல மணிக்கணக்கு சம்பளத்துக்குத்தான் போட்டிருக்கு. பொறுப்புக்குப் போடல."

குரல் ஏறவில்லை. சாப்பாட்டு நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னார். ஹென்னிங்கின் காது சிவந்தது.

"அப்ப இதை உங்க கோப்புல எழுத வேண்டியிருக்கும்."

"எழுதணும். இருங்க, படிவம் கொண்டுவரேன்."

அவரே போய் எச்சரிக்கைப் படிவத்தை எடுத்துவந்தார். நின்றபடியே நிரப்பினார்: பெயர், பதவி, தவறு, தேதி. முதலாளியின் முன்னால் வைத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார். ஹென்னிங் பேனாவை எடுத்தார். பிறகு எழுந்து நின்றுதான் கையெழுத்துப் போட்டார். நீக்கல் கடிதத்தை அவரே கிழித்தார்.

நான் அங்கேயே நின்றிருந்தேன். வாய் திறக்க வேண்டிய ஆள் நான். திறக்கவில்லை.

வெளியே வந்ததும், "மேடம், நான்..." என்றேன்.

"மணி ஒண்ணாச்சு குயா. நாளைக்கு அம்மாவுக்கு டயாலிசிஸ். இதைக் கோப்புல போட்டுருங்க."

தாளை என் கையில் கொடுத்துவிட்டு லிஃப்ட்டுக்குள் போய்விட்டார். அவருடைய கோப்பில் அதற்கு முன் ஒரு கறை கிடையாது. நானே போட்டேன்.

இசகானி வெள்ளிக்கிழமை வேலைக்கு வந்தான். எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்தான், நான் பெரியவரிடம் சொன்னதற்காக. மேடம் பார்த்தார், ஒரு பழத்தை உரித்துச் சாப்பிட்டார்.

அடுத்த மாதம் அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்க வந்தது. வழக்கமாக ஒரு வருஷம். இந்த முறை ஆறு மாதம்தான். எச்சரிக்கை இருப்பதால் அப்படி என்று டென்மார்க்கிலிருந்து எழுதியிருந்தார்கள். அதையும் நான்தான் அச்செடுத்துக் கொடுத்தேன். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

அந்த ஆறு மாதத்தில் நாலு மாதம் முடிந்துவிட்டது. எச்சரிக்கைத் தாளில் இருக்க வேண்டியது என் பெயர். அதை ஹென்னிங்கிடம் போய்ச் சொல்வது அராசெலி மேடத்துக்கு நான் பட்ட கடன். இன்னும் தீர்க்கவில்லை.