தாடை வைத்த ஸ்பிட்ஃபயர்

இது நடந்தது 2007 ஆடியிலா ஆவணியிலா என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. தேவநாதனைக் கேட்டால் ஆடி என்பார், அவர் மச்சான் சிங்காரம் ஆவணி என்பார். அன்று மழை பெய்ததாகச் சொல்லத் தோன்றுகிறது. அது வேறொரு நாளின் மழையாகவும் இருக்கலாம். தேவநாதன் வாய் திறந்து பேசினார் என்பது மட்டும் நிச்சயம்.

மனுஷன் பேசியது ஒரு சேதியா என்றால், அவர் விஷயத்தில் சேதிதான். மஞ்சக்குப்பத்தில் அரசாங்க அலுவலகமொன்றில் கண்காணிப்பாளராக இருந்தவருக்கு அந்த வருஷம் சித்திரையில் பக்கவாதம் வந்தது. கையும் காலும் பெரும்பாலும் பழையபடி ஆகிவிட்டன. வாய் மட்டும் இடப்பக்கமாகக் கோணி நின்றது. சொற்கள் குழைந்து வந்தன. பேசிப் பேசித்தான் சரியாகும், விட்டால் இப்படியே நின்றுவிடும் என்றார் டாக்டர். ஆனால் பார்க்க வந்த அலுவலக நண்பர் ஒருவர், புரியாததற்கெல்லாம் புரிந்ததுபோல் தலையாட்டியதை தேவநாதன் பார்த்துவிட்டார். அன்றோடு வாயை மூடிக்கொண்டார். மனைவி மங்கலத்துக்குத் தலையசைப்பு, மகள் வெண்மதிக்குக் கைச்சாடை, அவ்வளவுதான். அவர் முன்பும் அதிகம் பேசுகிறவரில்லை. புத்தகத்தை விரித்தால் பொழுது சாயும்வரை சத்தமிருக்காது. ஆனால் அந்த மௌனத்துக்குள் அவராகப் போவார், அவராக வருவார். இது வெளியே தாழ் போட்ட அறை.

சிங்காரம் மங்கலத்தின் தம்பி. சிதம்பரத்தில் ஆயில் இன்ஜின் உதிரி பாகக் கடை வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்ஸேறி திருப்பாதிரிப்புலியூருக்கு வந்து மாமாவின் எதிரில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவான். ஒரு ஞாயிறு கதை தீர்ந்துபோனது. அலமாரியில் கைக்கு அகப்பட்ட புத்தகத்தை எடுத்துப் புரட்டினான். அது ஸ்பிட்ஃபயர் புத்தகம். இரண்டாம் உலகப் போரில் பறந்த அந்தச் சண்டை விமானத்தின் ஒவ்வொரு வகையைப் பற்றியும் தேவநாதனுக்குத் தெரியும். முப்பது வருஷத்துப் பைத்தியம்.

சிங்காரம் ஒரு படத்தில் நின்றான். மூக்குக்கு அடியில் பெரிய தாடை தொங்குவதுபோல ஒரு விமானம். ஐந்தாம் மார்க் என்கிற வகை, வெப்பநாடுகளுக்கானது.

"இருக்கறதுலயே இதான் ஒசத்தி போலக்குது மாமா. ஏர் ஃபில்டர பாரு, எத்தாம் பெருசு."

தேவநாதனின் புருவம் நெரிந்தது. உலகத்தில் விமானம் தெரிந்த எவனும் அதை உயர்ந்தது என்று சொல்லமாட்டான். தூசு வடிகட்டிக்காக மாட்டிய அந்தத் தாடை காற்றைத் தடுத்தது, வேகத்தைத் தின்றது. ஓட்டியவர்கள் சலித்துக்கொண்ட வகை அது. பர்மா எல்லையில் அதற்குப் பின்னால் வந்த எட்டாம் மார்க்தான் ஓட்டியவர்களின் செல்லம்.

"நம்ம கடைக்கு வர்ற இன்ஜின்ல பாதி ஃபில்டர் இல்லாம செத்ததுதான்," என்று சிங்காரம் தொடர்ந்தான். "வெள்ளக்காரன் வெவரமானவன். மீதியெல்லாம் சும்மா ஷோவுக்கு."

"எட்டு," என்றார் தேவநாதன். அது "எத்து" என்று வந்தது.

அடுப்படியில் மங்கலம் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இன்னா எட்டு?" சிங்காரம் தலையாட்டவில்லை. "புரியல மாமா, திருப்பிச் சொல்லு."

தேவநாதனுக்குக் கோபம் வந்தது. திருப்பிச் சொன்னார். எட்டாம் மார்க்கிலும் வடிகட்டி உண்டு, உடம்போடு சேர்த்து வைத்திருப்பான், வெளியே துருத்தாது என்று சொல்லி முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆனது. எச்சில் வழிந்தது. துண்டால் துடைத்துக்கொண்டார்.

"கழட்டறதுக்கு வசதியா வெளியதான் இருக்கணும்," என்றான் சிங்காரம். "நீ ஒரு இன்ஜின கழட்டியிருக்கியா மாமா?"

"முட்டாள்," என்றார் தேவநாதன். அது மட்டும் பிசிறில்லாமல் வந்தது. அக்காவும் தம்பியும் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் இதே சண்டை. சிங்காரம் பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து அச்செடுத்த தாள்களோடு வருவான். "வேகம் ஜாஸ்தியா இருந்து இன்னா பண்றது, கெளம்பணும்ல?" என்பான். தேவநாதன் வாரம் முழுக்க பதிலைத் தனியாக, வாய்விட்டு, சொல்லிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

2009 தையில் வெண்மதிக்கு நிச்சயம். மாப்பிள்ளை சித்தார்த், சிதம்பரத்து சுப்பிரமணியனின் மகன். அவர்கள் பக்கத்தில் ஒரு வழக்கம்: தட்டு மாற்றும்போது பெண்ணைப் பெற்றவர் எழுந்து, இன்னார் பேரன் இன்னார் மகனுக்கு, இன்னார் பேத்தி என் மகளைத் தருகிறேன் என்று மூன்று தலைமுறைப் பெயரையும் சபைக்குக் கேட்கச் சொல்ல வேண்டும். பங்காளி அண்ணன் ஒருவர் தானே சொல்லிவிடுவதாக முன்வந்தார்.

"நீங்கதான்பா சொல்லணும்," என்றாள் வெண்மதி. "லேட்டானா ஆவட்டும்."

கூடத்தில் நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். தட்டைப் பிடித்துக்கொண்டு தேவநாதன் எழுந்தார். வாய் வரவில்லை. பங்காளி அண்ணன் தொண்டையைச் செருமினார். தேவநாதன் கூட்டத்தைப் பார்த்தார். தலையாட்டத் தயாராக இருந்த முகங்கள் எல்லாம். ஒருவன் மட்டும், சொல்வது புரியாவிட்டால் கட்டாயம் திருப்பிக் கேட்கப்போகிறவனாக, கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அவனைப் பார்த்தே தொடங்கினார். பெயர்கள் ஒவ்வொன்றாக, குழைந்து, நின்று நின்று வந்தன. நடுவில் மாப்பிள்ளையின் தாத்தா பெயர் நசுங்கியது.

"மாமா, அது கேக்கல," என்றான் சிங்காரம்.

கூடமே அவனை முறைத்தது. தேவநாதன் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு அந்தப் பெயரைத் திரும்பச் சொன்னார். பிறகு தன் மகளின் பெயரையும் சொன்னார். சுப்பிரமணியன் இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார்.

சாப்பாட்டுக்குப் பின் சிங்காரம் கை கழுவும் இடத்தில் நின்றிருந்தபோது தேவநாதன் அவன் பக்கத்தில் போய் நின்றார். குழாயைத் திறந்து கை கழுவினார். பிறகு கேட்டார்: "அன்னிக்கி... வேணும்னேதான சொன்ன?"

"எத?"

"அஞ்சாம் மார்க்க."

"எனக்கு வேற வேல இல்லயா மாமா? அது நெசமாவே நல்ல ப்ளேனு."

தேவநாதன் அவன் முகத்தையே பார்த்தார். எதுவும் பிடிபடவில்லை. நன்றி சொல்ல அவருக்குச் சொல் இருந்தது, இப்போது நாக்கும் இருந்தது. ஆனால் சொன்னால் இவன் சண்டையை நிறுத்திவிடுவானோ என்று பயமாக இருந்தது. அவன் தோளில் கையை வைத்துக்கொண்டார். அந்தக் கையைத்தான் ஒரு காலத்தில் தூக்க முடியாமல் இருந்தது.

வெண்மதியின் கல்யாணம் அந்த வைகாசியில் திருவந்திபுரத்தில் நடந்தது. அவளும் சித்தார்த்தும் சிதம்பரத்தில் இருக்கிறார்கள், ஒரு பெண் குழந்தை. தேவநாதன் 2010இல் ஓய்வு பெற்றார். வாய் இன்னும் கொஞ்சம் கோணல்தான், நன்றாகப் பேசுகிறார். தானே புயலில் சிங்காரத்தின் கடைக் கூரை பறந்தது, வேறு போட்டுவிட்டான். மங்கலத்துக்குச் சர்க்கரை இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறாள். பங்காளி அண்ணன் 2012இல் காலமானார்.