எண்ணெய் வைக்காத தலை

1

இது கதையாகத் தொடங்கவில்லை. ஒரு ஞாயிறு பதிப்பின் ஆசிரியர், தீபாவளி மலருக்கு 'பூ மணக்கும் தே' என்று இலேசாக ஏதாவது எழுதித் தர முடியுமா என்று கேட்டிருந்தார். கோல சிலாங்கூரில் ஒரு சீனர் தேயிலைக் கடையில் நான் ருசி பார்க்கும் வேலையில் இருப்பதை யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பக்கம் போதும், வாசகர்கள் வீட்டில் செய்து பார்க்கிற மாதிரி இருக்கட்டும் என்றார். நானும் உட்கார்ந்து எழுதினேன்:

"ஊலோங் தேயிலை பச்சைத் தேயிலைக்கும் கறுப்புத் தேயிலைக்கும் நடுவில் நிற்பது. கொதித்து அடங்கிய நீரை ஊற்றி, முதல் நீரைக் கொட்டிவிட வேண்டும். சுருண்ட இலை இரண்டாவது நீரில்தான் விரியத் தொடங்கும். மல்லிகை ஏற்றிய ஊலோங் என்றால், குடிப்பதற்கு முன் மூடியை எடுத்து அதன் உட்புறத்தை முகர்ந்து பாருங்கள். பூவின் மணம் அங்கேதான் ஏறி நிற்கும். இந்தப் பூவைப் பறித்துக் கொடுப்பவர்"

அந்த வாக்கியம் அப்படியே நிற்கிறது. அதற்கு அடுத்து ஒரு பெயர் வர வேண்டும். பெயரை எழுதினால் மீதியையும் எழுத வேண்டும். காய்ச்சல் என்று ஆசிரியருக்குச் சொல்லி அனுப்பினேன். எனக்குக் காய்ச்சல் இல்லை. மலர் அச்சாகி வந்துவிட்டது. நான் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2

பெயர் வேலம்மா.

"வேலம்மா ஓர் ஏழைப் பெண்" என்று ஒரு தொடக்கம் எழுதி அடித்தேன். புக்கிட் பெலிம்பிங்கில் அவருக்கு அரை ஏக்கர் நிலம் இருந்தது. ஏழை என்று எழுதியதைப் படித்தால் கோபப்படுவார். பிறகு, "ராஜு என்ற இளைஞன் ஒரு தேயிலைக் கடையில்" என்று இன்னொரு தொடக்கம். ராஜு என்று யாரும் இல்லை. நான் ஒளிந்துகொள்ள ஒரு பெயர் தேவைப்பட்டது, அவ்வளவுதான். மூன்றாவதில் முதலாளியைக் கொடுமைக்காரராக்கினேன். அது நன்றாக ஓடியது, மூன்று பக்கம் போயிற்று. மறுநாள் காலையில் கடைக்குப் போனேன். அந்த மனிதர் வழக்கம்போல் முதல் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தார். மூன்று பக்கத்தையும் கிழித்தேன்.

ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். என் பெயர் சிவானந்தம். எழுதுவது 1989-இல். நடந்தது 1985-இல்.

3

கடையில் சேர்ந்த முதல் நாளே முதலாளி லியோங் (தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம்) என் தலையைப் பார்த்தார். தேயிலை பக்கத்தில் இருப்பதையெல்லாம் குடித்துவிடும் என்று மலாய் மொழியில் சொன்னார். கருவாடு, வாசனை சோப்பு, சிகரெட், தலை எண்ணெய் எல்லாவற்றையும். அன்றே எண்ணெய் வைப்பதை விட்டேன். மூட்டை இறக்குகிற ஆ கிம், இந்தியர்கள் தலையை எத்தனை தடவை கழுவினாலும் எண்ணெய் வாடை போகாது என்று அவ்வப்போது வேடிக்கையாகச் சொல்வான். நானும் சிரிப்பேன். [முந்தைய படியில் 'மௌனமாக இருந்தேன்' என்று எழுதியிருந்தேன். இல்லை. சிரித்தேன்.]

மல்லிகை ஊலோங்கைத் தவுக்கே வெளியிலிருந்து வாங்கித்தான் விற்றுவந்தார். இங்கேயே பூ கிடைத்தால் நாமே மணம் ஏற்றலாம் என்று ஒருநாள் சொன்னார். எனக்கு வேலம்மாவைத் தெரியும். என் அம்மா இருக்கும் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். கணவர் இருசப்பனோடு வெளியேறி நிலம் வாங்கிக் கொக்கோ போட்டிருந்தார். வீட்டு வாசலில் மட்டும் நாலு மல்லிகைச் செடி. நான்தான் போய்ப் பேசினேன். கொக்கோவை எடுத்துவிட்டு மல்லிகை போடுங்கள், வருடம் முழுக்கக் கடை வாங்கும் என்றேன். இருசப்பனுக்கு மனமில்லை. நம்ம தோட்டத்துப் பிள்ளை சொல்கிறது என்று வேலம்மாதான் அவரைச் சம்மதிக்க வைத்தார்.

மணம் ஏற்றுவது இப்படி. மத்தியான வெயிலில் மொட்டாகப் பறிக்க வேண்டும். சாயங்காலம் கடைக்கு வந்து சேரும்போது மொட்டு வாய்திறக்கத் தொடங்கியிருக்கும். ஓர் அடுக்கு தேயிலை, ஓர் அடுக்கு பூ, மறுபடி தேயிலை. மேலே துணி. காலையில் வாடிய பூவைச் சலித்து எடுத்துவிட்டு இலையைக் கரி அடுப்பின் இளஞ்சூட்டில் உலர்த்த வேண்டும். இப்படி மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் புதுப் பூவோடு.*

* பூவோடு தேயிலையைக் கலப்பது கையால்தான், முழங்கை வரை. கரண்டி பட்டால் இதழ் நசுங்கிக் கசக்கும். இந்தக் குறிப்பை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒன்றரை வருடம் வேலம்மா ஒருநாள்கூடத் தவறவில்லை. ஈரத்துணி சுற்றிய கூடையைப் பின்வாசலில் வைத்துவிட்டு, நான் பூவைப் பார்த்துத் தலையாட்டும்வரை நின்றிருப்பார். நானும் பெரிய மனுஷன்போல் தலையாட்டுவேன்.

4

அந்த வருடம் கிள்ளானில் ஓர் உணவகம் மல்லிகை ஊலோங்கைப் பெரிய அளவில் கேட்டிருந்தது. அது நல்லபடியாகப் போனால் ருசி பார்க்கும் மேசையில் எனக்கும் ஒரு நாற்காலி என்று தவுக்கே சொல்லியிருந்தார். மூன்றாவது தடவை பூ ஏற்றும் நாள் தீபாவளியன்று விழுந்தது.

காலையில் தோட்டத்துக்குப் போனேன். அம்மா நல்லெண்ணெயைக் காய்ச்சி வைத்திருந்தார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வருடத்தில் ஒரே ஒரு நாள். தவிர, அம்மாவிடம் எப்படிச் சொல்வது, உன் கை எண்ணெய் ஆகாது என்று? சீயக்காய் போட்டு இரண்டு தடவை அலசினேன். சாயங்காலம் கடைக்குத் திரும்பினேன்.

வேலம்மா வந்திருந்தார். நல்ல நாளில்கூட பழைய கைலி, தலையில் கட்டிய துண்டு. உள்ளே வாங்க, பலகாரம் இருக்கிறது என்றேன். வேண்டாம், வீட்டில் ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்றார். போகிறபோது துண்டை அவிழ்த்து உதறினார். முடி பறந்தது.

"இந்த வருசம் எண்ணெ வைக்கல தம்பி," என்றார். "மத்தியானம் பூவுல கை வைக்கணும்லா. வீட்டுக்காரரு மட்டும் தேச்சுக் குளிச்சாரு. எனக்கு இந்த லோட் போனப்புறம் பாத்துக்கலாம்."

இதை எழுதும்போது ஒரு சந்தேகம் வருகிறது. அவர் உண்மையிலேயே இப்படிச் சொன்னாரா, என் குற்றத்தைப் பெரிதாக்கிக் காட்ட நான் இட்டுக் கட்டுகிறேனா? யோசித்துப் பார்த்தேன். 'லோட்' என்ற சொல்லை நான் கற்பனை செய்திருக்க மாட்டேன். அவர் சொன்னார்.

நான் சட்டையைக் கழற்றிவிட்டுக் கலக்க உட்கார்ந்தேன். அலசிய முடி நெற்றியில் விழுந்துகொண்டே இருந்தது. தள்ளிவிட்டுத் தள்ளிவிட்டுக் கலந்தேன்.

5

மறுநாள் உலர்த்தி முடித்ததும் தவுக்கே மூன்று வெள்ளைக் கிண்ணங்களை வரிசையாக வைத்தார். முதல் ஏற்றம், இரண்டாம் ஏற்றம், நேற்றையது. நீரை ஊற்றி மூடினார். முதல் மூடியை முகர்ந்து என்னிடம் தந்தார். இரண்டாவதையும். மூன்றாவதைத் தராமல் கையிலேயே வைத்திருந்தார்.

பிறகு தந்தார். பூ இருந்தது, நன்றாகவே இருந்தது. அதற்கு அடியில் எங்கள் தோட்டத்து லயத்துச் சமையலறை இருந்தது. காய்ந்த நல்லெண்ணெய், ஒரு மிளகு, என் அம்மாவின் உள்ளங்கை.

உறிஞ்சினேன். துப்பினேன். நாக்கின் பின்னால் அது போகாமல் நின்றது.

தவுக்கே கோபப்படவில்லை. எண்ணெய், என்றார். எங்கிருந்து என்று கேட்டார். ஆ கிம் கதவருகே நின்று என் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சொல்வதற்கு முன்னால் நான் சொல்லிவிட்டேன்.

பூவில்தான் இருக்கும் என்றேன். நேற்றுத் தீபாவளி, அவர்கள் எல்லாரும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பார்கள், அந்தக் கையோடு பறித்திருப்பாள் என்றேன்.

மலாயில் 'நாங்கள்' என்பதற்குச் சொல் இருக்கிறது. எனக்கு நன்றாகத் தெரியும். நான் 'அவர்கள்' என்றேன்.

6

இந்த இடத்தில் கதையை முடித்துவிட ஒரு படி எழுதினேன். ஒரு பொய், ஒரு கணம், பயத்தில் வந்தது, யாருக்கும் வருவது. வாசகர் இரக்கப்படுவார். ஆனால் சாயங்காலம் என்று ஒன்று வந்ததே.

வேலம்மா வழக்கம்போல் கூடையோடு வந்தார். தவுக்கேயே பின்வாசலுக்குப் போய், இனிப் பூ வேண்டாம் என்றார். காரணத்தையும் மரியாதையாகவே சொன்னார். வேலம்மா அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அழவில்லை, சத்தம் போடவில்லை. (ஒரு படியில் அவரைக் கத்தவைத்தேன். கத்தினால் எனக்குச் சௌகரியம், அதனால்தான்.) கூடையைக் கீழே வைத்து, துண்டை அவிழ்த்துத் தலையைக் குனிந்தார்.

"மோந்து பாருங்க," என்றார் மலாயில், தவுக்கேயிடம்.

தவுக்கே தடுமாறிப்போனார். ஒரு பெண்ணின் தலையை முகர அவருக்குக் கூச்சம். என்னைக் கூப்பிட்டார். உனக்குத்தான் மூக்கு இருக்கிறது, அவள் உன் ஆள், நீ பார் என்றார்.

போனேன். குனிந்தேன். வகிடு நேராக இல்லை. முடி வறண்டு, நுனி செம்பட்டையாக இருந்தது. வெயில் வாடை, விறகுப் புகை, வியர்வை, மொட்டு. வேறு எதுவும் இல்லை. சுத்தமான தலை. அப்போதே சொல்லியிருக்கலாம். பயந்த பொய்யைத் திருத்திக்கொள்ள ஒரு முழு மூச்சு நேரம் எனக்குக் கிடைத்தது. அந்த மூச்சை இழுத்தேன், விட்டேன்.

"அடா," என்றேன். மலாயில் அதற்கு 'இருக்கிறது' என்று பொருள். இரண்டே எழுத்து.

வேலம்மா நிமிர்ந்தார். துண்டைத் தலையில் கட்ட அவருக்கு நேரமாயிற்று, முடிச்சு விழவில்லை. கட்டியதும் கூடையை எடுத்துக்கொண்டார்.

"சரி தம்பி," என்றார்.

7

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீட்டினால் என் எழுத்து அழகாகிவிடும்.

மல்லிகையைப் பறிக்காமல் விட முடியாது. கொஞ்ச நாள் கோயிலுக்குக் கொடுத்தார். அரை ஏக்கர் பூவைக் கட்டிச் சூடக் கோல சிலாங்கூரில் அத்தனை தலை இல்லை. மிச்சம் செடியிலேயே பழுத்து விழுந்தது. அடுத்த மழைக்கு முன் இருசப்பன் செடிகளைப் பிடுங்கிப் போட்டார் என்று அம்மா சொன்னார். கொக்கோவை எடுத்த இடத்தில் மறுபடி கொக்கோ போட அவர்களுக்குத் தெம்பு இல்லை. வேலம்மா ரவாங்கில் ஒரு தொழிற்சாலைக்குப் போனார்.

கிள்ளான் உணவகத்துக்கு, முன்போல் வெளியிலிருந்து வாங்கிய தேயிலை போயிற்று. அடுத்த மாதமே எனக்கு நாற்காலி கிடைத்தது. எண்ணெய் ஏறிய தேயிலையைத் தவுக்கே குழியில் கொட்டச் சொன்னார். கொட்டியது நான்தான். பூ இப்போது வேறு ஊரிலிருந்து வருகிறது.

உண்மையைத் தவுக்கேயிடம் இதுவரை சொல்லவில்லை. இந்தக் கதை அச்சானாலும் அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அது தெரிந்துதான் தமிழில் எழுதுகிறேனோ என்ற எண்ணமும் உண்டு.

8

சென்ற வருடம் ரவாங் பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். தொழிற்சாலைச் சீருடை, கழுத்தில் அடையாள அட்டை. நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்தேன். அதற்குள் பார்த்துவிட்டார். அவரே வந்தார். அம்மாவின் முட்டிவலியைப் பற்றி விசாரித்தார். கல்யாணம் ஆச்சா என்றார். நான் எதற்கோ பதில் சொன்னேன்.

பஸ் வந்து நின்றது. ஆட்கள் ஏறத் தொடங்கினார்கள். அவர் ஏறாமல் நின்றார்.

"ஒன்னு கேக்கணும்னே இருந்தேன் தம்பி. அந்தத் தே எப்படி இருக்கும்?"

எனக்குப் புரியவில்லை.

"நம்ம பூவு போட்டதுலா. ஒன்னரை வருசம் குடுத்தேன். ஒரு வாய் குடிச்சதில்ல."

உண்மைதான். தினமும் பின்வாசலில் நின்றவருக்கு ஒரு கிண்ணம் கொடுக்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். ருசிக்குச் சொல் தேடுவதுதான் என் வேலை. தேன், ஈரமரம், வறுத்த தானியம் என்று ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய எழுதி வைத்திருக்கிறேன்.

"நல்லா இருக்கும்க்கா," என்றேன்.

"அவ்ளோதானா," என்று சிரித்தார். கேலியா, வெறும் சிரிப்பா, தெரியவில்லை. நாலு வருடமாக மோப்பத்தை வைத்துப் பிழைக்கிறேன். அந்தச் சிரிப்பில் என்ன இருந்தது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அக்கா, அன்னிக்கு," என்று தொடங்கினேன்.

படியில் ஒரு காலை வைத்தவர் திரும்பி என்னைப் பார்த்தார். பொறுமையாகக் காத்திருந்தார். கண்டக்டர் கூப்பிட்டார். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

இதற்கு மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் எல்லாவற்றையும் சொல்கிறேன், அவர் அறைகிறார். ஓர் அறையோடு கணக்குத் தீர்ந்துவிடுவதால் அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதனாலேயே விட்டேன். இன்னொன்றில், எனக்கு அன்றைக்கே தெரியும் தம்பி என்கிறார். அதில் அவர் தெய்வமாகிவிடுகிறார், நான் பக்தனாகித் தப்பித்துக்கொள்கிறேன். மூன்றாவதில் பஸ் போய்விடுகிறது. நடந்தது அதுதான். நான் வாயைத் திறந்தபடி நின்றேன், பஸ் போய்விட்டது.

நடந்தது என்பதற்காக அது முடிவாகிவிடாது. அவர் இன்னும் ரவாங்கில்தான் வேலை செய்கிறார். போய்ப் பார்க்க ஒரு மணி நேரம்கூட ஆகாது. நான் போகவில்லை, எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆகவே வாசகரே, முடிவை உங்களிடம் விடுகிறேன். என்னைப் போகவையுங்கள், அல்லது போகாமலே கிழவனாக்குங்கள். அறை வாங்கவையுங்கள், தொழிற்சாலை வாசலில் ஆட்கள் பார்க்க நிற்கவையுங்கள். அவர் என்னை மன்னித்தார் என்று மட்டும் எழுதாதீர்கள். அதை எழுதுகிற உரிமை உங்களுக்கும் இல்லை.